ஃப்ளூவுக்கு மருந்து இருக்கிறதா?

மழை பிடித்துக்கொண்டால் மெடிக்கல் ஷாப் வாசலில் கூட்டம் நிற்கும். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க, காய்ச்சல் விடமாட்டேங்குது, ஒரு ஆன்டிபயாடிக் குடுங்க" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பவர் மேல் தப்பில்லை. முன்பு ஏதோ ஒரு தொற்றுக்கு அந்த மாத்திரை மூன்றே நாளில் கேட்டிருக்கும். இதற்கும் கேட்கும் என்று நம்புகிறார். ஆனால் வந்திருப்பது வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடுவதே இல்லை. "அப்ப வைரஸுக்குன்னு தனியா ஒரு மாத்திரை செய்ய வேண்டியதுதானே? நிலாவுக்கு ராக்கெட் விடுறவங்களால இது முடியாதா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை இருக்கிறது, ஒன்றல்ல, சில இருக்கின்றன. ஆனால் அவை எதுவும் வைரஸைக் கொல்வதில்லை. வைரஸ் செய்தாக வேண்டிய வேலைகளில் ஒன்றை மட்டும் மறிக்கின்றன. அந்த வேலை நடந்து முடிவதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் பலன் உண்டு. பிந்தினால் காசுக்குக் கேடு. இதற்கு மேல் நான் சொல்லப்போவதெல்லாம் இதன் விரிவுரைதான்.

வைரஸுக்கு மருந்து செய்வது ஏன் கடினம்?

பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்துகிற உயிர். அதற்குச் சொந்த வீடு உண்டு, சொந்த அடுப்பு உண்டு. பென்சிலின் அந்த வீட்டுச் சுவரை எழுப்பவிடாமல் தடுக்கிறது. நம் செல்களுக்கு அப்படியொரு சுவரே கிடையாது என்பதால் நமக்குச் சேதமில்லை. வைரஸ் அப்படிப்பட்டதல்ல. கையில் ஒரு சமையல் குறிப்பையும் நாலைந்து கரண்டிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுச் சமையலறைக்குள் நுழைகிற ஆள் அது. அடுப்பு நம்முடையது, அரிசி நம்முடையது, சமைத்துப் போடுவதும் நம் வீட்டாள்தான். அந்த ஆளை நிறுத்த அடுப்பை அணைத்தால் நாமும் பட்டினி. அவன் கொண்டுவந்த கரண்டிகளில் ஒன்றைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி.

அந்தக் கரண்டிகளும் எண்ணிக்கையில் சொற்பம். இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மரபுப் பொருள் மொத்தமே எட்டுத் துண்டுகள். அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் பத்துச் சொச்சம். அதை வைத்துக்கொண்டு அது செய்யும் வேலைகளை வரிசையாகச் சொல்லலாம். மூக்கிலோ தொண்டையிலோ இருக்கும் செல்லின் மேல் ஒட்ட வேண்டும். உள்ளே நுழைய வேண்டும். உறையைக் கழற்றி மரபுப் பொருளை வெளியே விட வேண்டும். அதைப் பிரதி எடுக்க வேண்டும். புதிய வைரஸ்களாகச் சேர்ந்து வெளியேற வேண்டும். இன்று நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு மருந்தும் இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில்தான் கை வைக்கிறது.

முதலில் கிடைத்தது அமன்டடின். அமெரிக்காவில் 1966இல் அனுமதி பெற்றது. உறை கழற்றும் கட்டத்தில் வைரஸ் தன் எம்2 என்ற சிறிய துளை வழியாக அமிலத்தை உள்ளே விட்டுக்கொள்ளும்; அமன்டடின் அந்தத் துளையை அடைக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் துளையின் சுவரில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், அடைப்பு பலிக்காமல் போய்விடும். அப்படி மாறியதால் வைரஸுக்கு ஒரு நட்டமும் இல்லை. 2005-06 பருவத்தில் அமெரிக்காவில் சோதித்த எச்3என்2 வைரஸ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த மருந்துக்கு மசியவில்லை. 2006 ஜனவரியில் ஃப்ளூவுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. இன்று அமன்டடினைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மருந்துச் சீட்டில்தான் பார்க்கலாம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. வைரஸ் நினைத்தபடி மாற்றிக்கொள்ளக்கூடிய இடத்தில் கை வைத்துப் பயனில்லை. மாற்றினால் தானே செத்துப்போகும் என்கிற இடத்தைத் தேட வேண்டும். அப்படியொரு இடத்தைக் கண்டுபிடித்த கதை ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது.

ஒட்டும் புரதம், வெட்டும் நொதி

அந்தக் கதைக்கு முன்கதை 1941இல். ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோழிமுட்டைக் கருவில் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். கருவைச் சுற்றியுள்ள திரவத்தை எடுக்கும்போது ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் கலந்துவிட்டது. கலந்த சிவப்பணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றன. வைரஸ்தான் அவற்றைப் பிணைக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இன்னொன்றையும் கவனித்தார். உடல் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் அந்தக் கட்டிகள் தாமாகப் பிரிந்துவிட்டன. பிரிந்த அணுக்களோடு மறுபடி அதே வைரஸைச் சேர்த்தாலும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு எது பிடியாக இருந்ததோ அதையே வைரஸ் வெட்டிவிட்டுப் போயிருந்தது.

அந்தப் பிடி, சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகை. நம் செல்களின் மேற்பரப்பில் புரதங்களின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும். வைரஸின் மேல் இருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. நியூராமினிடேஸ் என்ற நொதி அதை வெட்டுகிறது. எச்1என்1, எச்3என்2 என்கிறோமே, அதில் வரும் 'எச்', 'என்' எழுத்துகள் இந்த இரண்டையும்தான் குறிக்கின்றன. மெல்போர்னில் வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் காட்சாக், இது ஒரு நொதியின் வேலை என்பதை 1950களில் வேதியியல் முறையில் உறுதிசெய்தார்.

ஒட்டிப் பிழைக்கிற வைரஸுக்கு வெட்டுகிற வேலை எதற்கு? வெளியேறுவதற்கு. செல்லுக்குள் உருவான புதிய வைரஸ்கள் மேற்பரப்பிலிருந்து மொட்டாகப் புடைத்து வெளியே வருகின்றன. அங்கேயும் சியாலிக் அமிலம் நிறைந்திருக்கிறது; வந்த வேகத்தில் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். நியூராமினிடேஸ் வெட்டிவிட்டால்தான் அடுத்த செல்லுக்குப் போக முடியும். நம் மூக்குச் சளியிலும் இதே சர்க்கரை ஏராளம். சளி என்பது வெறும் தொந்தரவல்ல. வைரஸைப் பிடித்து வைக்கிற பொறியும்கூட. அந்தப் பொறியிலிருந்து தப்பவும் இதே நொதிதான் வேண்டும். இந்த ஒன்றை நிறுத்திவிட்டால் வைரஸ் பெருகும், ஆனால் பரவ முடியாது.

நிறுத்த வேண்டுமானால் அதன் வடிவம் தெரிய வேண்டும். கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரேம் லேவர் விசித்திரமான மனிதர். கிரேட் பாரியர் ரீஃப் பவளத் தீவுகளுக்குப் போய்க் கடற்பறவைகளைப் பிடித்து அவற்றிடம் ஃப்ளூ வைரஸைத் தேடியவர். வைரஸின் மேலிருந்து நியூராமினிடேஸின் தலைப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, உப்பைப் போல அதைப் படிகமாக்குவதில் வெற்றி கண்டார். படிகம் கிடைத்தால் எக்ஸ்-கதிரைச் செலுத்தி அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிடலாம். அந்த வேலையை மெல்போர்னில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு அமைப்பில் பீட்டர் கோல்மனும் ஜோஸ் வர்கீஸும் செய்தார்கள். 1983இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது.

படத்தைப் பார்த்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நியூராமினிடேஸின் வெளிப்பரப்பு வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கிறது; நம் எதிர்ப்பணுக்களை ஏமாற்றுவதற்கு அந்த மாற்றம் அதற்குத் தேவை. ஆனால் நடுவில் ஒரு குழி இருக்கிறது. சியாலிக் அமிலம் வந்து உட்காருவதும் வெட்டுப்படுவதும் அங்கேதான். அந்தக் குழியின் உட்சுவரில் உள்ள அமினோ அமிலங்கள் மட்டும் எல்லா ஃப்ளூ வகையிலும் அப்படியே இருந்தன. காரணம் எளிது: அதை மாற்றிக்கொண்ட வைரஸ் வெட்டும் திறனை இழந்து அழிந்துபோயிருக்கும். தேடிய இடம் கிடைத்துவிட்டது.

குழிக்கு ஏற்ற மருந்து

அந்தக் குழிக்குள் போய் உட்காரக்கூடிய ஒரு பொருள் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சியாலிக் அமிலத்தைப் போலவே இருக்கும், ஆனால் வெட்டுப்படாது. அதன் சுருக்கப் பெயர் டானா. பிடிதான் பலவீனம், ஏழைக்கேற்ற எள்ளுருண்டை அளவுக்குத்தான் வேலை செய்தது. மெல்போர்னில் மருந்தியல் கல்லூரியில் இருந்த மார்க் வான் இட்ஸ்டைன் குழுவினர் கோல்மனின் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, குழியின் எந்த மூலைக்கு என்ன பிடிக்கும் என்று அலசினார்கள். டானாவின் நான்காம் கார்பனுக்கு எதிரே, எதிர்மின்னூட்டம் கொண்ட இரண்டு அமினோ அமிலங்கள் சும்மா இருந்தன. அந்தப் பக்கத்தில் நேர்மின்னூட்டம் உள்ள குவானிடின் தொகுதியைப் பொருத்திப் பார்த்தார்கள். பிடி பல ஆயிரம் மடங்கு இறுகியது. அதுதான் ஜானமிவிர். 1993இல் விவரம் வெளியானது. ரெலென்சா என்ற பெயரில் 1999இல் சந்தைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பொருள்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சலித்துப் பார்க்காமல், புரதத்தின் வடிவத்தைப் பார்த்தே மருந்தைத் தைக்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

ஒரு குறை இருந்தது. இந்த மூலக்கூறு மின்னூட்டம் மிகுந்தது. தண்ணீரில் நன்றாகக் கரையும், குடல் சுவரைத் தாண்டாது. விழுங்கினால் ஏறத்தாழ 2 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். அதனால் பொடியாக்கி, வாய் வழியே உறிஞ்ச வைத்தார்கள். தொற்று நடக்கிற இடத்துக்கே மருந்து நேராகப் போகிறது என்பது லாபம். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிறைப்பு வரலாம் என்பது ஆபத்து. மூச்சு விடவே திணறும் நோயாளியைப் பொடியை உறிஞ்சச் சொல்வதும் சங்கடம்.

கலிஃபோர்னியாவில் கிலியட் நிறுவனத்தில் சூங் உன் கிம் தலைமையிலான வேதியியலாளர்கள் அதே குழிக்கு வேறொரு வழியில் மருந்து செய்தார்கள். மின்னூட்டத்தைக் குறைத்து, எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பக்கக் கிளையைச் சேர்த்தார்கள். அந்தக் கிளைக்கு இடம் விட, குழிக்குள் 276ஆம் இடத்தில் இருக்கும் குளூட்டமிக் அமிலம் கொஞ்சம் திரும்பிக் கொடுக்க வேண்டும், திரும்பிக் கொடுத்தது. மருந்தின் நுனியில் ஓர் எஸ்டர் மூடியையும் போட்டார்கள். மூடியோடு குடலைத் தாண்டும். கல்லீரல் மூடியைக் கழற்றும். பிறகுதான் மருந்தாக வேலை செய்யும். இப்படி வந்தது ஒசெல்டமிவிர். ரோஷ் நிறுவனம் டாமிஃப்ளூ என்ற பெயரில் விற்றது. இதற்கும் 1999இல்தான் அனுமதி.

இந்த மருந்தைத் தயாரிக்கத் தொடக்கப் பொருள் ஷிகிமிக் அமிலம். அது எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? நாம் பிரியாணிக்குத் தாளிக்கிற அன்னாசிப்பூவிலிருந்து. 2005இல் பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பி அரசாங்கங்கள் டாமிஃப்ளூவைக் குவித்தபோது தென் சீனாவில் அன்னாசிப்பூ விலை எகிறியது. பிறகு பாக்டீரியாவை வளர்த்து நொதிக்கச் செய்தும் ஷிகிமிக் அமிலத்தை எடுத்தார்கள். அன்னாசிப்பூ போட்டுக் கஷாயம் குடித்தால் ஃப்ளூ போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். ஷிகிமிக் அமிலத்துக்கு அந்தக் குழியில் வேலையே இல்லை. பல படி வேதிவினைகளுக்குப் பிறகுதான் அது மருந்தாகிறது.

வைரஸின் பதிலடி

மாறாத குழி என்று சொன்னேன். அப்படியானால் எதிர்ப்புத் திறன் வராதா? வந்தது. 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் முதலில் கவனித்தார்கள்: மருந்தே வாங்காதவர்களிடமும் ஒசெல்டமிவிருக்கு மசியாத எச்1என்1 இருந்தது. அடுத்த பருவத்துக்குள் உலகம் முழுக்கப் பரவிய பருவகால எச்1என்1 ஏறக்குறைய முழுதும் அந்த வகையாகிவிட்டது. மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம். குழியின் மேல் அல்ல, குழிக்குப் பின்னால் இருக்கும் தாங்கு சுவரில். அந்த மாற்றத்தால் 276ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் முன்போலத் திரும்பிக் கொடுக்க முடியாமல் போயிற்று. எண்ணெய்க் கிளைக்கு இடமில்லை. ஒசெல்டமிவிர் சரியாக உட்காரவில்லை.

ஆனால் ஜானமிவிர் அதே வைரஸிடம் தொடர்ந்து வேலை செய்தது. ஏனென்றால் அது இயற்கையான சியாலிக் அமிலத்தை அப்படியே ஒத்திருப்பது; குழி திரும்பிக் கொடுக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அதை வெளியே தள்ள வேண்டுமானால் வைரஸ் தான் வெட்ட வேண்டிய சியாலிக் அமிலத்தையும் வெளியே தள்ள வேண்டியிருக்கும். மருந்து செய்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது: இயற்கைப் பொருளிலிருந்து மருந்து எவ்வளவு தூரம் விலகுகிறதோ, அவ்வளவு இடத்தை வைரஸ் தப்பிக்கப் பயன்படுத்திக்கொள்ளும். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் பெயர் வைத்த புதிய எச்1என்1 வந்து பழைய வகையை ஒழித்துக்கட்டியது. புதியது ஒசெல்டமிவிருக்குக் கட்டுப்பட்டது. இதில் மனிதத் திறமை ஒன்றுமில்லை; அதிர்ஷ்டம்.

எவ்வளவு பலன்?

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். பிரிட்டன் அரசு மட்டும் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து டாமிஃப்ளூவைக் குவித்து வைத்தது. கோக்ரேன் ஆய்வுக் குழு பல ஆண்டுகள் போராடி, ரோஷ் நிறுவனத்தின் வெளியிடப்படாத சோதனை அறிக்கைகளை வாங்கிப் படித்து 2014இல் தன் முடிவைச் சொன்னது. பெரியவர்களில் அறிகுறிகள் தணிய 7 நாள் ஆவது 6.3 நாளாகக் குறைகிறது. அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம். மருத்துவமனையில் சேர்வது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வாந்தியும் குமட்டலும் கூடின. 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஒசெல்டமிவிரைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலின் முதன்மைப் பகுதியிலிருந்து துணைப் பகுதிக்கு இறக்கியது.

மறுபக்கமும் உண்டு. 2009 கொள்ளைநோயில் மருத்துவமனையில் சேர்ந்த 29,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2014இல் வெளியானது. அறிகுறி தொடங்கி இரண்டு நாளுக்குள் மருந்து பெற்றவர்களுக்கு, பிந்திப் பெற்றவர்களைக் காட்டிலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையல்ல, நடந்ததைப் பார்த்து எழுதிய கணக்கு. ஆகவே எடையும் அதற்கேற்பத்தான். ஆனாலும் ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை: பிந்தினால் பலன் தேயும்.

காரணம் வைரஸின் வேகம். தொற்றிய செல்லிலிருந்து சில மணி நேரத்திலேயே புதிய வைரஸ்கள் வெளிவரத் தொடங்கிவிடும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே நாம் பிறருக்குப் பரப்ப ஆரம்பித்திருப்போம். அறிகுறி தொடங்கி முதல் இரண்டு மூன்று நாளில் வைரஸ் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். பிறகு நாம் படும் பாடெல்லாம் பெரும்பாலும் நம் உடலின் எதிர்ப்புப் போராட்டத்தின் பலன். நியூராமினிடேஸை மறிக்கும் மருந்து புதிய வைரஸ் பரவுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பரவியதைத் திருப்பி எடுக்காது. வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொல்லிவைத்தவர்கள் வைராலஜி படிக்கவில்லை, ஆனால் விஷயம் அதுதான்.

வாசலிலேயே மறித்தால்?

நுழைந்த பிறகு துரத்துவதற்குப் பதில் நுழையவே விடாமல் தடுக்கலாமே என்று தோன்றும். ஆசை நியாயம்தான், பலர் கையைச் சுட்டுக்கொண்டதும் இங்கேதான். சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸின் அணு வடிவத்தை 1985இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் குழு வரைந்து காட்டியது. அதன் ஓட்டில் ஒரு பள்ளமும் அதன் அடியில் ஒரு பொந்தும் இருந்தன. பொந்துக்குள் ஒரு பொருளைச் செருகினால் ஓடு விறைத்துப்போய், உள்ளே இருப்பதை வெளியே விட முடியாமல் திணறும். அப்படி வந்த பிளிகோனரில் என்ற மருந்து ஜலதோஷத்தை ஏறக்குறைய ஒரு நாள் குறைத்தது. ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தது. தானே போகிற ஜலதோஷத்துக்காக அந்த ஆபத்து தேவையா என்று யோசித்த அமெரிக்க மருந்துத் துறை 2002இல் அனுமதி மறுத்தது. ஆரோக்கியமானவருக்குக் கொடுக்கிற மருந்தின் பத்திரம் நோயாளிக்குக் கொடுக்கிற மருந்தின் பத்திரத்தைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். தடுப்பு மருந்துகள் பலவும் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

இன்னொரு பாடம் கோவிட் காலத்தில் கிடைத்தது. 2020 தொடக்கத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆய்வுக்கூடத்தில் கொரோனா வைரஸை மறித்தது உண்மை. நம் நாட்டில் சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக அதைச் சாப்பிடலாம் என்று மார்ச் மாதமே ஐசிஎம்ஆர் பரிந்துரைத்தது. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் நடந்தது குரங்கின் சிறுநீரகச் செல்களில். அந்தச் செல்லுக்குள் வைரஸ் அமிலப் பை வழியாக நுழையும். மருந்து அந்த அமிலத்தைக் குறைக்கிறது. நம் நுரையீரல் செல்களின் மேல் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இருக்கிறது. அது வைரஸின் முள்புரதத்தை மேற்பரப்பிலேயே நறுக்கிக் கதவைத் திறந்துவிடுகிறது. அமிலப் பையின் தேவையே இல்லை. ஆக மருந்து, வைரஸ் வராத வழியைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. பிரிட்டனின் ரிகவரி சோதனையில் 4,700 நோயாளிகளிடம் பார்த்தபோது உயிர் காக்கும் பலன் எதுவும் தெரியவில்லை. தட்டில் வேலை செய்வது தொண்டையில் வேலை செய்யும் என்று அவசரப்படக் கூடாது.

பலித்தவையும் உண்டு. கொரோனா வைரஸ் தன் புரதங்களை நீண்ட சரமாகச் செய்து, பிறகு தன் சொந்த நொதியால் துண்டு போடுகிறது. 2003 சார்ஸ் காலத்திலேயே அந்த நொதிக்கு எதிராக ஃபைசர் ஆய்வாளர்கள் ஒரு மூலக்கூறு செய்து வைத்திருந்தார்கள். நோய் ஓய்ந்ததும் அது பரணுக்குப் போயிற்று. 2020இல் அந்த அனுபவத்திலிருந்து கிளம்பிச் செய்ததுதான் பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மருந்தில் உள்ள நிர்மட்ரெல்விர். தடுப்பூசி போடாத, ஆபத்து மிகுந்தவர்களிடம் மூன்று நாளுக்குள் கொடுத்தபோது மருத்துவமனை, மரணம் இரண்டும் சேர்த்து 89 சதவீதம் குறைந்தது. அதே மருந்தை, வீட்டில் ஒருவருக்குக் கோவிட் வந்தால் மற்றவர்களுக்குத் தடுப்பாகக் கொடுத்துப் பார்த்தார்கள், அங்கே தேறவில்லை. நோயைத் தணிப்பதும் தொற்றைத் தடுப்பதும் வேறு வேறு பரீட்சை.

தடுப்புப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியது ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் செய்த பலாக்ஸவிர். ஃப்ளூ வைரஸ் பிரதி எடுக்கத் தொடங்கும்போது நம் ஆர்என்ஏக்களின் தலையை வெட்டித் திருடும். அந்த வெட்டுக் கருவியை இது நிறுத்துகிறது. ஒரே வேளை மருந்து. ஜப்பானில் ஃப்ளூ வந்த வீடுகளில் மற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், மருந்து பெற்றவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. மருந்துக்கு மசியாத வைரஸ் இதிலும் தலைகாட்டியிருக்கிறது, குறிப்பாகக் குழந்தைகளிடம். 2024இல் உலக சுகாதார நிறுவனம், நோய் தீவிரமாகாத ஆனால் ஆபத்து மிகுந்தவர்களுக்குப் பலாக்ஸவிரையும், தீவிரமாகிப் படுத்தவர்களுக்கு ஒசெல்டமிவிரையும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

மெல்போர்னில் பிறந்த ஜானமிவிரும் ஓய்ந்துவிடவில்லை. அதன் பல பிரதிகளை, உடலில் மாதக்கணக்கில் தங்கும் எதிர்ப்பணுத் துண்டோடு பிணைத்து சிடி388 என்ற ஊசி மருந்தாகச் செய்திருக்கிறார்கள். பருவத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். 2025இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில், அதிகபட்ச அளவு பெற்றவர்களிடம் 24 வாரத்தில் ஃப்ளூ 76 சதவீதம் குறைந்திருந்தது. மூன்றாம் கட்டச் சோதனையில் தேறினால்தான் சந்தைக்கு வரும். காலதாமதம் என்ற பழைய எதிரியை இந்த வழி நேராகச் சந்திக்கிறது: வைரஸ் வரும்போது மருந்து ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

2009இல் சளி மாதிரியைச் சோதிக்கக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை எல்லாரும் எதிர்பார்த்துக் கிடந்தோம். ஒசெல்டமிவிர் அரசு மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. 2017இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். இப்போது டாக்டர் சீட்டு இருந்தால் மெடிக்கல் ஷாப்பிலேயே வாங்கலாம். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. வாங்கிச் சேமித்து வைக்கவும் கூடாது.

திடகாத்திரமான ஆளுக்கு ஃப்ளூ வந்தால் ஓய்வும் தண்ணீரும் பாரசிட்டமாலும் போதும்; அநேகமாக ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவார். ஆனால் வீட்டில் 65 தாண்டிய பெரியவரோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ, சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது தொல்லை உள்ளவரோ இருந்தால் கதை வேறு. அவர்களுக்குத் திடீரென்று காய்ச்சலும் இருமலும் உடல்வலியும் வந்தால் "ரெண்டு நாள் பாத்துட்டுப் போகலாம்" என்று உட்காராதீர்கள். மருந்துக்குப் பெரும்பாலும் வேலை இருப்பதே அந்த இரண்டு நாளில்தான். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூவாக இருக்குமா, சோதனை வேண்டுமா, வைரஸ் மருந்து வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்றால் வற்புறுத்தி வாங்காதீர்கள். மழைக்கு முன்பே அவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள். இன்று இருக்கிற எந்த மாத்திரையும் அதற்கு மாற்று கிடையாது.